உறுதியைத் தேடினீர்களா?

காணி, உறுதி, கந்தோர் என்ற பேச்சு வீட்டில் எழும்பினால் நாம் பெண்கள் தேநீர் போடும் சாட்டில் மெல்லக் குசினிக்குள் போய்விடுவோம். அது ஆண்களின் அலுவல் என்பது நமது எண்ணம். நானும் இருபத்து மூன்று வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலை என்னுடைய மஹர் மாலை. அந்தக் கதையை இங்கே எழுதுவது யாரையும் குறை சொல்வதற்கல்ல. இன்னொரு சகோதரி அதே விலையைக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

பேருவளையில் எங்களுக்குச் சிறிய புடவைக்கடை ஒன்று இருந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. மீண்டும் திறந்தும் வியாபாரம் எழும்பவில்லை. அந்த நேரத்தில்தான் எனது கணவர் நண்பர் ஒருவரைப் பார்த்துக் காணி வியாபாரத்தில் இறங்கினார். வாங்கி விற்பது என்று சொன்னாலும் உண்மையில் அவர் எதையும் வாங்குவதில்லை. அவசரமாகப் பணம் தேவைப்படும் ஒருவர் காணியை விற்க நினைப்பார். இவர் போய் விலை பேசி, முற்பணம் கொடுத்து, சில மாதத் தவணைக்கு விற்பனை உடன்படிக்கை ஒன்று எழுதிக்கொள்வார். தவணை முடிவதற்குள் கூடிய விலைக்கு வாங்கக்கூடிய இன்னொருவரைத் தேடிப் பிடிப்பார். காணிக்காரர் நேரே அந்த மனிதருக்கே உறுதி முடித்துக் கொடுப்பார். இரண்டு விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இவருடைய லாபம்.

“கையில காசில்லாம செய்யக்கூடிய வியாபாரம் இது ஒண்டுதான்” என்றார். ஆனால் முற்பணத்துக்குக் காசு வேண்டுமே! உம்மா எனக்குப் போட்டுத் தந்த காப்புகளைக் கழற்றிக் கொடுத்தேன்.

முதல் இரண்டு காணிகளும் ஒரு சிக்கலும் இல்லாமல் கைமாறின. வீட்டில் சிரிப்புத் திரும்பியது. மூன்றாவதுதான் எங்களைப் பிடித்து உலுக்கியது.

அது 20 பேர்ச் காணி. உள்ளே பழைய வீடு ஒன்று, நான்கு தென்னை, ஒரு பலா. காணிக்காரர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரவர். தகப்பன் 1974இல் வாங்கிய உறுதியின் போட்டோ பிரதியைக் காட்டினார். “வாப்பாக்கு நான் ஒரே ஆண்பிள்ளை” என்றார். கடன்காரர் நெருக்குகிறார் என்றும் சொன்னார். 40 இலட்சத்துக்கு விலை முடிந்தது. 2021 ஒக்டோபரில் 5 இலட்சம் கொடுத்து உடன்படிக்கை எழுதினார்கள்.

அடுத்த மாதமே வாங்க ஆள் கிடைத்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான். எனது மகளுக்குப் படிப்பித்த டீச்சர் ஒருவர், கணவரை இழந்தவர், ஒரே மகளுக்காகக் காணி தேடிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். நான் சொன்னேன், அவர் வந்து பார்த்தார், பிடித்துவிட்டது. 46 இலட்சத்துக்குச் சம்மதித்து 10 இலட்சம் முற்பணம் தந்தார். காணிக்காரர் இன்னும் கொஞ்சம் தாருங்கள் என்று கெஞ்சியதால், அந்தப் பத்தில் ஏழை இவர் அவருக்குக் கொடுத்துவிட்டார்.

டீச்சர் தன்னுடைய உறுதியை எழுதுவதற்குக் களுத்துறையில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனார். நொத்தாரிசும் அவரே. அவர் அவசரப்படவில்லை. முதலில் தேட வேண்டும் என்றார். 2022 ஜனவரியில் ஒருநாள் மாலை டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரவும் இல்லை.

“அந்தக் காணி அவருக்கு மட்டும் சொந்தமில்லையாம். ஈடு ஒண்டும் இருக்குதாம். உங்கட வீட்டுக்காரர் எண்டபடியால நான் வேற எங்கயும் விசாரிக்கல்ல” என்றார்.

அவர் கோபப்பட்டுச் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிரவு எங்கள் உடன்படிக்கையை எடுத்து மேசையில் விரித்தோம். அது ஆங்கிலத்தில் இருந்தது. இவருக்கும் எனக்கும் அவ்வளவாக விளங்காது. மகள்தான் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசு எழுதிய பகுதிக்கு வந்ததும் நின்றாள். “வாப்பா, இதில பதிவேடு தேடிப் பார்க்கல்ல எண்டு எழுதியிருக்குதே! நீங்கதான் தேட வேணாம் எண்டு சொன்னீங்களாம். கீழ உங்கட கையொப்பமும் இருக்குது” என்றாள்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். தேடுவதற்கு வேறாகப் பணம், இரண்டு மூன்று நாள் தாமதம். அதற்குள் வேறு யாராவது காணியைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். “தேவையில்ல சேர், எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான்” என்று சொல்லியிருக்கிறார்.

நமது நாட்டில் 1907ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் நொத்தாரிசுச் சட்டம் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. காணி சம்பந்தமான உறுதியை எழுதுவதற்கு முன் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். கட்சிக்காரர் தேட வேண்டாம் என்றால் அந்த விடயத்தை உறுதியிலேயே எழுதி அவர்களிடம் கையொப்பம் வாங்க வேண்டும். எங்கள் நொத்தாரிசு தனது கடமையைச் செய்திருந்தார். வாசிக்காமல் கையொப்பம் வைத்தது நாங்கள்.

மறுவாரம் இவருடன் நானும் களுத்துறைக்குப் போனேன். காணிப் பதிவகத்தின் வாசற்படியை வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாக மிதித்தேன். அந்தப் பெண் சட்டத்தரணி சிங்களவர். எனக்கு விளங்கும்படி பொறுமையாகச் சொல்லித் தந்தார். நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பதியப்பட்ட ஒவ்வோர் உறுதியிலும் பதிவகத்தின் முத்திரை இருக்கும். அதில் ஓர் எழுத்தும் இலக்கங்களும் இருக்கும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது அதுதான். அந்தப் பக்கத்தை ‘ஃபோலியோ’ என்கிறார்கள். ஒரு காணிக்கு நடந்த விற்பனை, நன்கொடை, ஈடு, குத்தகை, வழக்கு எல்லாம் அந்தப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பக்கம் நிறைந்துவிட்டால் வேறு புத்தகத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பின்னோக்கி 30 வருடமாவது பார்ப்பது வழக்கம். முன்னோக்கி இன்றைய நாள் வரை பார்க்க வேண்டும். உறுதியின் பிரதியைக் காட்டி “இதுதான் காணி” என்று ஒருவர் சொல்லும்போது, அந்த உறுதிக்குப் பிறகு என்ன நடந்தது என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. பதிவேட்டில்தான் இருக்கும்.

எங்கள் காணியின் பக்கத்தில் 1974ஆம் ஆண்டு விற்பனை இருந்தது. அதன் கீழே 1991ஆம் ஆண்டு ஓர் ஈடு. அந்த ஈடு மீட்கப்பட்டதற்கு ஒரு பதிவும் இல்லை. இது பதிவேடு சொன்ன சங்கதி.

பதிவேடு சொல்லாத சங்கதி ஒன்றும் இருந்தது. அதுதான் பெரியது. தகப்பனார் 1996இல் மௌத்தாகிவிட்டார். பதிவேட்டிலோ இன்னும் அவர் பெயர்தான். ஒருவர் இறந்ததும், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் காணிப் பதிவேட்டில் தானாக ஏறுவதில்லை. சட்டத்தரணி மரணச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார். கிராம சேவகரிடமும் விசாரித்திருக்கிறார். “ஒரே ஆண்பிள்ளை” என்று அந்த மனிதர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவருக்கு இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். தாயும் உயிருடன் இருந்தார்.

உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து இஸ்லாமிய வாரிசுரிமைப்படி பிரிய வேண்டும் என்பது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். அந்தக் கணக்கைச் சட்டத்தரணி ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். காணியை 32 பங்காக வைத்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 பங்கு. மகனுக்கு 14. மகள்மார் இருவருக்கும் ஏழு ஏழு. 32இல் 14 மட்டும் உள்ளவர் முழுக் காணியையும் எங்களுக்கு விற்க வந்திருக்கிறார். நாங்கள் அதை டீச்சருக்கு விற்கப் போயிருக்கிறோம்!

இளைய சகோதரியைத் தேடி நானே தர்காநகருக்குப் போனேன். சின்ன வீடு. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விடயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“வாப்பாட காணிய விக்கிறாங்களா? நானா என்னோட பேசி மூணு வருஷம். எனக்கு அதில பங்கு இருக்குதெண்டு ஒருத்தரும் சொல்லித் தரல்லயே லாத்தா” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் லாபக் கணக்குப் போட்ட அந்த 6 இலட்சத்துக்குள் இந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் இருக்கவில்லை. நாங்கள் தேடாமல் விட்டது ஒரு புத்தகத்தின் பக்கத்தை மட்டுமா? ஒரு மனுசியையும் சேர்த்துத்தானே!

வீட்டுக்கு வந்ததும் இவர் வேறொரு கதையைத் தொடங்கினார். “காணி உரிமைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்குதாமே. அதைப் போட்டிருந்தா தப்பியிருக்கலாம்” என்றார். எனது சகோதரியின் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே இதே வியாபாரத்தை ‘ஹோல்சேல்’ என்று சொல்லிச் செய்கிறார்கள். அவனிடம் டெலிபோனில் கேட்டோம்.

“மாமா, இங்க அந்த இன்ஷூரன்ஸ் கொம்பனியே முதல்ல தேடித்தான் பார்க்கும். தேடி என்னென்ன குறை இருக்குதெண்டு எழுதித் தரும். அதெல்லாம் தீர்ந்த பிறகுதான் பொறுப்பெடுக்கும். கண்டுபிடிச்ச குறைக்கு, தீர்க்காம விட்டா, பணம் தராது” என்றான்.

அந்தக் காப்புறுதி பிறந்த கதையையும் அவன் சொன்னான். 1868இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வழக்கு. பத்திரம் எழுதுபவர் ஒருவர், காணியின்மீது பாரம் ஒன்று இருந்தும், அது காணியைப் பாதிக்காது என்ற சட்ட ஆலோசனையை நம்பி விட்டுவிட்டார். வாங்கியவர் நட்டப்பட்டார். எழுதியவர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாங்கியவருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் 1876இல் பிலடெல்பியா நகரில் காணி உரிமைக்கான முதலாவது காப்புறுதிக் கொம்பனி தொடங்கப்பட்டது. ஒழுங்காகத் தேடிய பிறகும் மறைந்திருக்கக்கூடிய குறைக்காக வந்த ஏற்பாடு அது. தேடாமல் விட்டவரைக் காப்பாற்ற வந்ததல்ல.

நமது நாட்டிலும் வீட்டுக்கடன் கொடுக்கும்போது உரிமைக் காப்புறுதி கேட்கும் வங்கிகள் உண்டு. அப்படிப் போட்டால் அது வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பா, வாங்குபவராகிய உங்களுக்கும் பாதுகாப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. எனது கணவரைப் போல உடன்படிக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பவருக்கோ காணியே சொந்தமில்லை. பிறகு எந்த உரிமையைக் காப்புறுதி செய்வது?

கட்டடத்துக்குப் போடும் காப்புறுதி வேறு. நாங்கள் இந்தச் சிக்கலில் கிடந்த காலத்திலேயே ஒரு மழைக்காற்றில் அந்தப் பலாமரத்தின் கிளை முறிந்து குசினிக் கூரையில் விழுந்தது. சேதம் யாருக்கு? காணிக்காரருக்கா, எங்களுக்கா, டீச்சருக்கா? உடன்படிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை. காப்புறுதியும் இல்லை. காப்புறுதி என்றதும் மார்க்கத்தில் ஆகுமா என்று யோசிப்பவர்களுக்குத் தகாபுல் முறை நமது நாட்டிலேயே இருக்கிறது. எந்த முறையானாலும், உறுதி முடியும் நாள் வரை கட்டடத்துக்கு யார் பொறுப்பு என்பதை உடன்படிக்கையில் எழுதிவிட வேண்டும்.

இனி டீச்சரின் பணம். காணிக்காரர் வாங்கிய 12 இலட்சத்தையும் கடனுக்குக் கட்டி முடித்துவிட்டார். எங்கள் கையில் மீந்திருந்தது 3 இலட்சம். “வழக்கு முடியட்டும், அவங்களும் கொஞ்சம் பொறுக்கத்தானே வேணும்” என்றார் இவர். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ரோட்டில் என்னைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

மஹர் மாலை எனது சொத்து. அதைக் கொடுக்கும்படி கணவர் கேட்கவில்லை. கேட்கவும் உரிமையில்லை. ஆனால் டீச்சர் எனது வார்த்தையை நம்பித்தானே வந்தார்? 2022 ஏப்ரலில், ரூபாய் விழுந்து பவுண் விலை ஏறியிருந்த நேரம், மாலையை விற்றேன். பத்து இலட்சத்தையும் நானும் இவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். டீச்சர் பணத்தை எண்ணாமலே வாங்கி வைத்துவிட்டு, “உள்ளுக்கு வாங்க” என்றார். அன்று அவர் தந்த தேநீரின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகப்பனின் சொத்துக்காக நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குப் போட்டார்கள். அது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். களுத்துறைக்கு ஒரு தடவை போய்வருவதே பெரும்பாடு. ஈடு பிடித்தவர் எப்போதோ இறந்திருந்தார். கடன் அடைந்துதான் இருந்தது, மீட்பு உறுதி எழுதத்தான் மறந்திருந்தார்கள். அவருடைய வாரிசுகளைக் கொண்டு அதையும் எழுதிப் பதிந்தார்கள். 2024இல் தாயும் மகனும் மகள்மார் இருவரும் ஒன்றாக நின்று கையொப்பமிட்டார்கள். வாங்கியவர் அதே டீச்சர்தான். காணிக்காரர் தனது பங்கிலிருந்து 12 இலட்சத்தையும் எங்களுக்குத் திருப்பித் தந்தார். எங்களுக்கு லாபம் ஒரு சதமும் இல்லை. அதே ஏழு இலட்சத்துக்கு அதே மாலையும் வரவில்லை. தர்காநகரில் தைத்துக்கொண்டிருந்த அந்தச் சகோதரி மட்டும் தனது பங்கை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

இவர் இப்போதும் காணித் தரகு செய்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். தேடி முடியாமல் யாரிடமும் முற்பணம் வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. தேடலும் இரண்டு. ஒன்று கந்தோரில், மற்றது குடும்பத்தில்.

கந்தோரில் தேடும்போது ஃபோலியோவின் பிரதியை எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுகிறோம். உறுதியிலுள்ள நான்கு எல்லைகளும் நில அளவையாளரின் பிளானும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறோம். பாதை அகலிப்புக்கோ அரசாங்கத் தேவைக்கோ காணி எடுபட்டிருக்கிறதா என்று பிரதேச சபையில் கேட்டு எழுத்தில் வாங்குகிறோம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிம் சவிய உரித்துச் சான்றிதழ் கிடைத்த காணியானால், அந்தப் பதிவேட்டிலேயே உரிமையாளர் யார் என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிவாசலுக்கோ தர்மத்துக்கோ வக்பு செய்யப்பட்ட காணியா என்பதையும் ஊர்ப் பெரியவர்களிடம் விசாரிக்கிறோம்.

குடும்பத்தில் தேடுவது எனது வேலை. அந்தக் காணியில் குடியிருப்பவர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்கிறேன். உரிமையாளருக்கு மாறாகத் தனது காணியாகவே ஒருவர் 10 வருடம் தொடர்ந்து ஆண்டிருந்தால், 1871ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் உரிமை கோரலாம். உறுதியில் பெயருள்ளவர் உயிருடன் இருக்கிறாரா என்று கேட்கிறேன். இல்லாவிட்டால் மனைவி யார், மகள்மார் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறேன். அவர்களை நேரில் போய்ப் பார்க்காமல் திரும்புவதில்லை.

உடன்படிக்கையை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதினால் மட்டும் போதாது, தாமதிக்காமல் பதியவும் வேண்டும். முதலில் எழுதியவரைவிட, வஞ்சகமின்றி விலை கொடுத்து முதலில் பதிந்தவருக்கே 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் முன்னிடம் தருகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஆண்கள் காணிப் பேச்சுப் பேசும்போது இனிமேல் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். கையொப்பம் வைப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தை உங்களுக்குத் தெரிந்த பாஷையில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். “தேடினீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று நான் அதைக் கேட்டிருந்தால் என்னுடைய மாலை கழுத்திலேயே இருந்திருக்கும். அந்த 7 பங்குக்காரியும் இன்னும் முன்னதாகவே தனது உரிமையை அறிந்திருப்பார்.